முதல் ஜோடி டூ-வே ஸ்பீக்கர்: சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்க, சொந்தக் கையால் ஒரு ஜோடி ஸ்பீக்கர் செய்ய ஆசைப்படுபவர்களுக்கான பக்கம் இது. சாலிடரிங் அயர்ன் பிடிக்கத் தெரியும், தெரிந்த கார்பெண்டர் ஒருவர் இருக்கிறார், பத்துப் பதினைந்தாயிரத்துக்கு மேல் போக முடியாது. அப்படிப்பட்டவரை மனதில் வைத்தே பதில்களை எழுதியிருக்கிறேன். எந்தக் கேள்வியைத் தொட்டாலும் கடைசியில் கிராஸ்ஓவரில்தான் வந்து நிற்கும். அதனால் அந்தப் பகுதி மட்டும் நீளமாக இருக்கும். அதைத் தாண்டிப் போகாமல் படியுங்கள்.

டூ-வே என்றால் என்ன?

ஒரு பெட்டியில் இரண்டு டிரைவர், அதாவது ஒலி எழுப்பும் பாகங்கள். வூஃபர் கீழ் ஸ்வரங்களையும் நடுப்பகுதியையும் பார்த்துக்கொள்ளும், ட்வீட்டர் மேல் பகுதியைப் பார்த்துக்கொள்ளும். யாருக்கு எது என்று பிரித்துக் கொடுப்பது கிராஸ்ஓவர். முதல் முயற்சிக்கு 5 அல்லது 6 இஞ்ச் வூஃபரும் 1 இஞ்ச் சில்க் டோம் ட்வீட்டரும் போதும். த்ரீ-வே பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம்.

கடையில் வாங்குவதைவிட இது மலிவா?

புளூடூத் பெட்டியோடு ஒப்பிட்டால் மலிவே இல்லை. அதே செலவில் கிடைக்கும் நல்ல புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரோடு ஒப்பிட்டால், கவனமாகச் செய்தால், நம்முடையது ஒரு படி மேலே நிற்கும். விளம்பரம், கடை வாடகை, அட்டைப்பெட்டி, போக்குவரத்து எல்லாவற்றுக்கும் போகிற காசு இங்கே டிரைவருக்கும் காப்பருக்கும் போகிறது. பட்ஜெட்டில் பாதியை டிரைவருக்கு வையுங்கள், கால் பங்கு கிராஸ்ஓவருக்கு, மீதி மரத்துக்கும் பெயின்டுக்கும். பலர் கிராஸ்ஓவருக்கு முந்நூறு ரூபாய் ஒதுக்கிவிட்டு மைக்காவுக்கு மூவாயிரம் செலவழிக்கிறார்கள். காது மைக்காவைக் கேட்காது.

அண்ணா, எங்க மாமா மைக் செட் வச்சிருக்கார். அவர்கிட்ட சும்மா கிடக்கற 8 இஞ்ச் ஸ்பீக்கரைப் போடலாமா?

வேண்டாம் தம்பி. ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்குத் தெருவே கேட்கும்படி பாடுவதற்காகச் செய்யப்பட்டவை அவை. கூம்பு லேசு, சஸ்பென்ஷன் விறைப்பு, சத்தம் பெரிது. சின்னப் பெட்டியில் அடைத்தால் கீழ் ஸ்வரம் வராது, குரல் முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும். மாமாவிடம் கேட்க வேண்டியது வேறு இருக்கிறது: மல்டிமீட்டர், கிரிம்பிங் டூல், எந்த ஒயர் எங்கே மலிவு என்ற அனுபவம். அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

டிரைவரை எதைப் பார்த்து வாங்குவது?

டேட்டா ஷீட்டைப் பார்த்து. அது இல்லாத டிரைவரை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், முதல் ஸ்பீக்கருக்கு வாங்காதீர்கள். பெட்டியில் '300 வாட்' என்று அச்சிட்டிருப்பதால் எந்தப் பயனும் இல்லை.

பார்க்க வேண்டியவை மூன்று எண்கள்: எஃப்எஸ் (டிரைவர் இயல்பாக அதிரும் ஹெர்ட்ஸ், அதாவது ரெசனன்ஸ்), கியூடிஎஸ் (அந்த அதிர்வு எவ்வளவு கட்டுக்குள் இருக்கிறது என்ற அளவு), விஏஎஸ் (டிரைவரின் சஸ்பென்ஷன் விறைப்புக்குச் சமமான காற்று, லிட்டரில்). 1961-ல் ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் எழுதிய கட்டுரையும், பத்தாண்டுகள் கழித்து ரிச்சர்ட் ஸ்மால் அதை விரித்து எழுதியவையும்தான் இந்த எண்களை உலகத்துக்குக் கொடுத்தன. அதற்கு முன்னால் பெட்டி செய்வது பெரும்பாலும் கைப்பழக்கம். இன்றைக்குச் சேலத்தில் இருக்கும் ஒரு கல்லூரி மாணவர், டிரைவரைத் தொட்டுப் பார்க்கும் முன்பே, அது எத்தனை லிட்டர் பெட்டியில் எப்படிப் பாடும் என்று கணக்குப் போட்டுவிடலாம். எனக்கு இது இன்றும் பிரமிப்பு தருகிற விஷயம்.

பியர்லெஸ், டேட்டன் ஆடியோ, இந்தோனேசியாவின் எஸ்பி அகூஸ்டிக்ஸ் போன்றவை முழு டேட்டா ஷீட் வெளியிடுகின்றன. ஆன்லைனில் தேடலாம், அல்லது சென்னை போகும்போது ரிச்சி தெருவில் விசாரிக்கலாம். ட்வீட்டரில் பார்க்க வேண்டியது அதன் எஃப்எஸ். கிராஸ்ஓவர் புள்ளியில் பாதிக்கும் கீழே அது இருக்க வேண்டும். 2500 ஹெர்ட்ஸில் பிரிக்கப் போகிறோம் என்றால் 1000 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் எஃப்எஸ் உள்ள ட்வீட்டர் நிம்மதி தரும்.

ரெடிமேட் கிராஸ்ஓவர் போர்டு கிடைக்கிறதே, அதை மாட்டினால் என்ன?

அந்தப் போர்டைச் செய்தவருக்கு உங்கள் வூஃபர் எது, ட்வீட்டர் எது என்று தெரியாது. இரண்டுமே எல்லா அதிர்வெண்ணிலும் (ஹெர்ட்ஸிலும்) 8 ஓம் காட்டும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டிருப்பார். நிஜத்தில் அப்படி ஒரு டிரைவர் கிடையாது. '8 ஓம்' வூஃபரை மல்டிமீட்டரில் வைத்தால் 6 ஓம் பக்கம் காட்டும். அதன் ரெசனன்ஸில் 30 ஓமைத் தாண்டும். பிறகு இறங்கி, வாய்ஸ் காயிலின் (கூம்பை அசைக்கும் கம்பிச்சுருளின்) இண்டக்டன்ஸால் மறுபடி ஏறிக்கொண்டே போகும். 2500 ஹெர்ட்ஸில் 10 அல்லது 12 ஓம் இருந்தால், 8 ஓமுக்குப் போட்ட ஃபில்ட்டர் நினைத்த இடத்தில் வெட்டாது.

இன்னொன்று, ட்வீட்டர் பெரும்பாலும் வூஃபரைவிடச் சத்தமானது. ஒரே அளவு மின்சாரம் கொடுக்கும்போது வூஃபர் 86 டெசிபல், ட்வீட்டர் 91 என்றால் அந்த 5 டெசிபலை யாராவது குறைக்க வேண்டும். ரெடிமேட் போர்டில் அதற்கு ஒரு ரெசிஸ்டர்கூட இருக்காது.

மூன்றாவதைப் பலரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். பெட்டியின் முகப்பு 20 செ.மீ. அகலம் என்றால், ஏறக்குறைய 575 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலி முன்பக்கமாக மட்டும் போகும். அதற்குக் கீழே போகப் போகப் பெட்டியைச் சுற்றிப் பின்பக்கமும் பரவும். திறந்த வெளியில் இந்த இழப்பு 6 டெசிபல் வரை வரும். வீட்டுக்குள் பின்சுவர் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கும். இதைக் கிராஸ்ஓவரில் சரிசெய்யாவிட்டால் மிருதங்கத்தில் வலந்தலை மட்டும் கேட்கும், தொப்பி எங்கோ பக்கத்து வீட்டில் வாசிப்பதுபோல் இருக்கும்.

ஆகவே முதல் ஜோடிக்கு என் பரிந்துரை ஒன்றே ஒன்று. யாரோ ஒருவர் அளந்து, சரிபார்த்து, முழு விவரத்தோடு வெளியிட்ட டிசைன் ஒன்றை எடுத்து, அப்படியே செய்யுங்கள். அதே டிரைவர், அதே முகப்பு அகலம், அதே பாகங்கள். 'இதற்குப் பதில் அது' என்று எதையும் மாற்றாதீர்கள். சொந்த டிசைன் இரண்டாவது ஜோடிக்கு.

நானே டிசைன் செய்துதான் பார்ப்பேன் என்றால்?

சரி. பாடப்புத்தகக் கணக்கில் தொடங்கலாம். லிங்க்விட்ஸ்-ரைலி என்ற வகையில் இரண்டாம் படி ஃபில்ட்டர் (டிரைவருக்கு ஒரு காயில், ஒரு கப்பாசிட்டர்), 8 ஓம், 2500 ஹெர்ட்ஸ் என்றால் காயில் 1 மில்லிஹென்றி, கப்பாசிட்டர் 4 மைக்ரோஃபாரட். வூஃபருக்குக் காயில் தொடராகவும் கப்பாசிட்டர் இணையாகவும். ட்வீட்டருக்கு அப்படியே தலைகீழ். வூஃபருக்குக் குறுக்கே 7.5 ஓம் ரெசிஸ்டரையும் 10 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டரையும் தொடராகக் கோத்துப் போட்டால், ஏறிக்கொண்டே போகும் இம்பீடன்ஸ் (மேலே சொன்ன, ஹெர்ட்ஸுக்கு ஏற்ப மாறும் ஓம்) பெரும்பாலான சின்ன வூஃபர்களில் ஓரளவு சமன்படும். ட்வீட்டரில் 3 டெசிபல் குறைக்க 2.2 ஓம் தொடராக, 18 ஓம் இணையாக. 10 வாட் வெள்ளைச் செராமிக் ரெசிஸ்டர் போதும்.

இது தொடக்கப் புள்ளி. இங்கிருந்து அளந்து, விட்யூக்ஸ்கேட் போன்ற இலவச மென்பொருளில் போட்டுத் திருத்தினால்தான் ஸ்பீக்கர் ஆகும்.

காயில் எங்கே கிடைக்கும்?

வாங்க வேண்டாம், சுற்றிவிடுங்கள். பம்ப் செட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை சேலத்தைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் இருக்கும். அங்கே 18 கேஜ் எனாமல் காப்பர் கம்பியை எடை போட்டு வாங்கலாம்.

1 இஞ்ச் விட்டம், 1 இஞ்ச் அகலம் உள்ள மர உருளைக்கு இரண்டு பக்கமும் பிளைவுட் வட்டம் வைத்துச் சுற்றினால், ஏறக்குறைய 200 சுற்றில் 1 மில்லிஹென்றி வரும். கம்பி சுமார் 25 மீட்டர் பிடிக்கும், எடை 260 கிராம், ரெசிஸ்டன்ஸ் 0.36 ஓம். ஒரு ஜோடி ஸ்பீக்கருக்கு நாலு காயில், ஆக ஒரு கிலோ கம்பி. முதல் அடுக்கை நெருக்கி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் சுற்றுங்கள். முதல் அடுக்கு கோணினால் பத்து அடுக்கும் கோணும். 205 சுற்று சுற்றி, காயில் மதிப்பை அளக்கும் எல்சிஆர் மீட்டரில் பார்த்து, ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்து 1.00-க்குக் கொண்டுவருவது நல்ல வழி. பிறகு நைலான் டையால் இறுக்கிக் கட்டுங்கள். நடுவில் இரும்பு ஸ்க்ரூ கூடாது, மதிப்பு ஏறிவிடும்.

ஒரே போர்டில் இரண்டு காயிலையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைக்காதீர்கள். ஒன்று படுத்தால் மற்றது நிற்கட்டும், நடுவில் ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும்.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலை. பற்றவைக்க நன்றாகத் தெரியும். அதே கையோடு இதையும் செய்யலாமா?

உங்களுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரிதான். சூடு எங்கே நிற்க வேண்டும் என்பது கைக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டே எச்சரிக்கை. பட்டறையில் பயன்படுத்தும் பொடியோ ஆசிட்டோ இங்கே கூடாது. நாளடைவில் காப்பரை அரித்துவிடும். ரோசின் உள்ளே வைத்த எலெக்ட்ரானிக்ஸ் ஈயமே வேண்டும். அடுத்தது, எனாமல் கம்பியின் நுனியை உப்புத்தாளால் தேய்த்து, செம்பு பளிச்சென்று தெரிந்த பிறகே ஈயம் வையுங்கள். மேலே ஈயம் பிடித்ததுபோல் தெரிந்தும் உள்ளே தொடர்பு இல்லாத இணைப்புகளுக்கு அந்த எனாமல்தான் காரணம்.

ட்வீட்டரை ஏன் பிளஸ் மைனஸ் மாற்றி இணைக்கச் சொல்கிறார்கள்?

இரண்டாம் படி ஃபில்ட்டர் கிராஸ்ஓவர் புள்ளியில் இரண்டு டிரைவருக்கும் இடையே 180 டிகிரி வித்தியாசம் உண்டாக்கும். நேராக இணைத்தால் அந்த இடத்தில் ஒன்றை ஒன்று அழித்துப் பள்ளம் விழும். மாற்றி இணைத்தால் கூடும். டிசைனில் எப்படிப் போட்டிருக்கிறதோ அப்படியே செய்யுங்கள்.

பெட்டி எவ்வளவு பெரிது?

மூடிய பெட்டிக்குக் கணக்கு எளிது. விஏஎஸ்ஸைப் பெட்டி லிட்டரால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் எடுங்கள். அந்த எண்ணால் எஃப்எஸ், கியூடிஎஸ் இரண்டையும் பெருக்குங்கள். உதாரணமாக எஃப்எஸ் 50, கியூடிஎஸ் 0.4, விஏஎஸ் 16 லிட்டர், பெட்டி 8 லிட்டர். 16 வகுத்தல் 8, கூட்டல் 1, மொத்தம் 3. வர்க்கமூலம் 1.73. ஆக, பெட்டியோடு சேர்ந்த கியூ 0.69, ரெசனன்ஸ் 87 ஹெர்ட்ஸ். 0.7-க்கு அருகே இருப்பதால் கட்டுக்கோப்பான பேஸ் வரும். அடிவயிறு அதிராது, ஆனால் தவில் அடி ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்கும்.

வூஃபரும் கிராஸ்ஓவரும் உள்ளே இடம் பிடிக்கும் என்பதால் 9 லிட்டருக்கு வெட்டுவோம். 18 மி.மீ. பலகையில், வெளி அளவு 20 அகலம், 33 உயரம், 22.5 ஆழம், எல்லாம் செ.மீ.யில். ஒரு ஜோடிக்கு வெட்டும் கணக்கு: முன், பின் பலகைகள் 20 × 33, நாலு. பக்கப் பலகைகள் 33 × 18.9, நாலு. மேல், கீழ் 16.4 × 18.9, நாலு. அரை ஷீட், அதாவது 4 × 4 அடி வாங்கினால் தாராளம். ரம்பம் தின்னும் 3 மி.மீ.யை ஒவ்வொரு வெட்டுக்கும் விடச் சொல்லுங்கள். ஒரே அளவுப் பலகைகள் எல்லாவற்றையும் ஃபென்ஸை (ரம்ப மேஜையின் அளவுத் தடுப்பை) நகர்த்தாமல் ஒரே மூச்சில் வெட்டச் சொல்வது அதைவிட முக்கியம். 1 மி.மீ. கூடக் குறைய இருந்தாலும் எல்லாம் ஒன்றுபோல் இருந்தால் பெட்டி மூலைமட்டத்துக்கு நிற்கும்.

வூஃபர் மையத்துக்கும் ட்வீட்டர் மையத்துக்கும் 14 செ.மீ.க்கு மேல் போகாமல் நெருக்கி வையுங்கள். 2500 ஹெர்ட்ஸில் ஒலியின் அலைநீளமே அவ்வளவுதான்.

எம்டிஎஃப்பா, பிளைவுட்டா? எங்கள் வீடு ஏற்காட்டில்.

சேலத்தில் என்றால் எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்த பலகை) என்பேன். மலிவு, ஒரே சீரான அடர்த்தி, பெயின்ட் அழகாகப் பிடிக்கும். ஏற்காட்டில் பிளைவுட். 1500 மீட்டர் உயரத்தில், மழைக்காலத்தில் நாள் கணக்கில் பனிமூட்டம் ஜன்னல் வழியே வீட்டுக்குள் வந்து போகிற ஊர் அது. எம்டிஎஃப்பின் வெட்டிய ஓரம் ஈரத்தைக் குடித்து உப்பிவிட்டால் திரும்பாது. ஈரம் தாங்கும் பிடபிள்யூஆர் தரப் பிளைவுட் வாங்குங்கள், பெட்டியின் உள்பக்கத்துக்கும் ஒரு கோட் பிரைமர் அடியுங்கள். வூஃபரும் பேப்பர் கூம்பாக இல்லாமல் பாலிப்ராப்பிலீன் கூம்பாக இருந்தால் பூஞ்சைக் கவலை இல்லை. சித்திரை, வைகாசி இடி மழையில் ஆம்ப்ளிஃபையர் பிளக்கைப் பிடுங்கிவிடும் பழக்கமும் அங்கே தேவை.

எங்கே வெட்டினாலும் எம்டிஎஃப் தூள் மூச்சுக்குக் கெடுதல். மூக்கை மூடாமல் உப்புத்தாள் தேய்க்காதீர்கள், பக்கத்தில் குழந்தைகளை வைத்துக்கொண்டு தேய்க்கவே தேய்க்காதீர்கள்.

வட்ட ஓட்டையைச் சுத்தமாக வெட்டுவது எப்படி?

ரவுட்டர் (மரத்தில் காடி எடுக்கும் மெஷின்) வைத்திருக்கும் கார்பெண்டரிடம் கொடுங்கள். டிரைவரையே கையில் கொடுத்துவிடுங்கள், அளவை வாயால் சொல்லாதீர்கள். ட்வீட்டரின் விளிம்பு முகப்போடு சமமாக உட்காரும்படி காடி எடுக்கச் சொல்லுங்கள். மேலே துருத்திக்கொண்டிருந்தால் அந்த விளிம்பில் ஒலி பட்டுச் சிதறும். ஜிக்சாவில் வெட்டினால் காடி எடுக்க முடியாது, ஆனால் வூஃபருக்கு அது போதும்.

எம்டிஎஃப்பில் ஸ்க்ரூ போடும் முன் சின்ன துளை போட்டே ஆக வேண்டும். டிரைவருக்கு அடியில் ஃபோம் டேப் ஒரு சுற்று ஒட்டுங்கள்.

போர்ட் (காற்று போக வரப் பெட்டியில் வைக்கும் குழாய்) வைத்தால் பேஸ் கூடுமே?

கூடும், கணக்குப்படி செய்தால். 12 லிட்டர் பெட்டியில் உள்விட்டம் 5 செ.மீ. உள்ள பிவிசி பைப் 14.5 செ.மீ. நீளம் வைத்தால் 52 ஹெர்ட்ஸ் பக்கம் ட்யூன் ஆகும். ஆனால் அந்த வூஃபருக்கு 52 பொருத்தமா என்பதை பெட்டிக் கணக்குப் போடும் வின்ஐஎஸ்டி மென்பொருளில் பார்த்த பிறகே பைப்பை வெட்ட வேண்டும். கணக்கில்லாத போர்ட் ஒரே ஸ்வரத்தை மட்டும் 'டொம் டொம்' என்று இழுக்கும். மூடிய பெட்டி சின்னச் சின்னப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும் என்பதால் முதல் ஜோடிக்கு அதையே சொல்கிறேன்.

உள்ளே இலவம் பஞ்சு போடலாமா?

நாளடைவில் கட்டியாகி அடியில் இறங்கிவிடும், எளிதில் தீப்பிடிக்கும். தலையணைக்குப் போடும் பாலியஸ்டர் பஞ்சு வாங்கி, அழுத்தாமல், உதிரியாக நிரப்புங்கள்.

4440 ஐசி ஆம்ப்ளிஃபையர் போர்டு வைத்து ஓட்டலாமா?

ஓட்டலாம். அந்த ஐசி ஸ்டீரியோவில் சேனலுக்கு 6 வாட் பக்கம்தான் தரும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். 86 டெசிபல் ஸ்பீக்கருக்கு அது சின்ன அறையில் நிதானமாகக் கேட்கச் சரி. சத்தத்தை முழுக்கத் திருகி, ஒலி கரகரக்கும் நிலையில் ஓட்டினால் எரிவது ட்வீட்டர்தான். டிபிஏ3116 ஐசி உள்ள கிளாஸ்-டி வகை ஆம்ப்ளிஃபையர் போர்டும், ஒழுங்கான 19 அல்லது 20 வோல்ட் அடாப்டரும் கிடைத்தால் மூச்சு முட்டாது.

முதல் முறை ஆன் செய்யும் முன் என்ன பார்க்க வேண்டும்?

பின்பக்க டெர்மினலில் மல்டிமீட்டரை வையுங்கள். வூஃபர், காயில் இரண்டும் சேர்ந்து 6 அல்லது 7 ஓம் காட்ட வேண்டும். பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் காட்டினால் எங்கோ ஷார்ட், ஆம்ப்ளிஃபையரைத் தொடாதீர்கள். பிறகு ட்வீட்டரைக் கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸை டெர்மினல் பிளஸிலும் மைனஸை மைனஸிலும் ஒரு நொடி தொடுங்கள். இரண்டு பெட்டியிலும் கூம்பு முன்னால் வர வேண்டும். ஒன்று உள்ளே போனால் அதில் ஒயர் மாறியிருக்கிறது. நேரடியாக ட்வீட்டருக்கு இந்தச் சோதனை வேண்டாம்.

கடைசியாக, வூஃபர் கூம்பை விரல்களால் மெதுவாக, நடுவைச் சுற்றி நாலு பக்கமும் சமமாக அழுத்திவிடுங்கள். மூடிய பெட்டியில் அது சோம்பலாகத் திரும்பி வரும். பட்டென்று வந்தால் காற்று எங்கோ கசிகிறது. பெரும்பாலும் டெர்மினல் தட்டுக்கு அடியில் இருக்கும்.

எல்லாம் சரியாகச் செய்தும் 'ஸ', 'ச' எழுத்துகள் காதைக் குத்துகின்றன.

ட்வீட்டர் சத்தம் கூட. தொடர் ரெசிஸ்டரை 2.2-லிருந்து 3.3 ஓமாக்கிப் பாருங்கள். அதற்கும் முன்னால் அறையைப் பாருங்கள். நம் ஊர் ஹால் என்றால் கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை, பூசிய சுவர், கைதட்டினால் 'ணங்' என்று திரும்ப வரும். தரையில் பவானி ஜமுக்காளம் விரிப்பது மேல் ஸ்வரத்தை மட்டும் கொஞ்சம் அடக்கும். பருத்தி மெத்தை, கனமான திரை, புத்தக அலமாரி இவை கூடுதலாக உதவும். 12 அடி நீளமுள்ள அறையில் 47 ஹெர்ட்ஸ் தானாகவே வீங்கும், அதற்கு ஸ்பீக்கரைக் குறை சொல்ல முடியாது. உட்காரும் இடத்தை ஒரு அடி முன்பின் நகர்த்திப் பாருங்கள்.

ட்வீட்டர் காது உயரத்தில் இருக்கட்டும். நாற்காலியில் உட்கார்ந்து கேட்பவர்கள், ஹாலோ பிளாக்கைப் படுக்கவைத்து மூன்று அடுக்கினால் 60 செ.மீ. ஸ்டாண்ட் தயார். பாயில் உட்கார்பவர்களுக்கு இரண்டு போதும்.

ஸ்பீக்கர் ஒயர்?

1.5 ஸ்கொயர் மி.மீ. காப்பர் வீட்டு ஒயர். 3 மீட்டருக்குப் போக வர 0.07 ஓம். இதைவிட விலையான எதுவும் தேவையில்லை.

எங்கள் வீடு அம்மாப்பேட்டையில். சுற்றிலும் தறி ஓடும். மைக் வைத்து அளக்க முடியுமா?

முடியும். ஆர்இடபிள்யூ என்ற இலவச மென்பொருளில் ஸ்வீப்பை (கீழிருந்து மேலே ஏறும் சோதனை ஒலியை) நீளமாக வைத்தால், தறிச் சத்தம் பெரும்பாலும் கணக்கில் அடிபட்டுவிடும். அளக்க நல்ல இடம் மொட்டை மாடி. காற்று அடங்கிய விடியற்காலையில், ஸ்பீக்கரை 2 மீட்டர் உயரத்தில் ஏற்றி, மைக்கை 1 மீட்டர் தள்ளி அதே உயரத்தில் நிறுத்துங்கள். கைப்பிடிச் சுவரும் தண்ணீர் டேங்கும் 2 மீட்டருக்கு அப்பால் இருக்கட்டும். தரையில் பட்டுத் திரும்பும் ஒலி மைக்குக்கு 9 மில்லிசெகண்ட் தாமதமாகத்தான் வரும். அதற்கு முன் வந்ததை மட்டும் வெட்டி எடுத்தால் 110 ஹெர்ட்ஸ் வரை நம்பகமான கோடு கிடைக்கும். வீட்டுக்குள் இவ்வளவு சுத்தமாகக் கிடைக்காது. மொட்டை மாடி உள்ள ஊரில் பிறந்தது இந்த வேலைக்குப் பெரிய வரம்.

இப்போதைக்கு மலிவான ட்வீட்டர் போட்டுவிட்டு, பிறகு நல்லதாக மாற்றிக்கொள்ளலாமா?

கூடாது. அந்த மலிவான ட்வீட்டரின் சத்த அளவுக்கும், அதன் இம்பீடன்ஸுக்கும், அதன் எஃப்எஸ்ஸுக்கும்தான் கிராஸ்ஓவர் போட்டிருக்கிறோம். விலையான ட்வீட்டரை அதே போர்டில் மாட்டினால் முன்பைவிட மோசமாகப் பாடலாம். மாற்றத்தான் போகிறீர்கள் என்றால் மறுபடி அளந்து, ட்வீட்டர் பக்கத்து கப்பாசிட்டர், காயில், ரெசிஸ்டர் மூன்றையும் புதிதாகக் கணக்குப் போட வேண்டும். அதற்கு இடம் வைத்து, கிராஸ்ஓவர் போர்டைப் பெட்டிக்குள் பசை போட்டு ஒட்டாமல் நாலு ஸ்க்ரூவில் நிறுத்துங்கள். வூஃபரைக் கழற்றினால் அந்த ஓட்டை வழியே போர்டு முழுசாக வெளியே வருகிறதா என்று, பெட்டியை மூடும் முன்பே வைத்துப் பாருங்கள்.